எந்த அடுக்கு

சோங்சிங்கில் முகவரி கேட்டால்
தெருப் பெயர் மட்டும் போதாது.
எத்தனையாவது தரை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.
பதினோராம் மாடியில் பின்கதவைத் திறந்தால் பேருந்து நிறுத்தம்.
மலை அப்படி. நாங்கள் என்ன செய்ய?

இந்தச் சந்திப்பில் சாலைகள் ஐந்து அடுக்கு,
ஒன்றின் முதுகில் ஒன்று.
செயற்கைக்கோளுக்கு எல்லாம் ஒரே கோடு.
உச்சியில் இருப்பவருக்கு
அடியில் இருப்பவர் தெரிவதில்லை,
இதைச் சொல்ல ஒரு கருவி தேவையுமில்லை.
ஆனால் போன மாதம் ஓர் ஆம்புலன்ஸ்
நான்காம் அடுக்கில் நின்றுகொண்டு
இரண்டாம் அடுக்கு நோயாளியைத் தேடியது.
நடுவே பதினெட்டு மீட்டர்.
சுற்றி வர இருபத்தாறு நிமிடம்.

அதற்காகத்தான் ஏழாம் தூணில் இந்தத் தகடு.
சாப்பாட்டு மேசை அளவு, சாம்பல் நிறம்,
ஐநூற்றுப் பன்னிரண்டு சதுரங்கள்.
சொந்தமாக ஒரு சொல் பேசாது.
கோபுரத்திலிருந்து வந்து விழும் அலையை வாங்கி
வளைவுக்கு அப்பால், பாலத்துக்கு அடியில்,
சொன்ன பக்கம் அனுப்பும்.
கண்ணாடி தன் இஷ்டத்துக்குத் திருப்பும்;
இது நம் இஷ்டத்துக்கு.
அலை வண்டியில் பட்டுத் திரும்ப எடுத்த நேரம்,
வந்த கோணம்,
ஓட்டத்தில் அதன் சுருதி ஏறியதா இறங்கியதா,
இவை போதும், வண்டி எங்கே என்று சொல்ல.
போதும் என்பது காகிதத்தில்.

சோதனை வேனை ஓட்டுபவள் ரான் சுவே.
ஆறு வருடம் டாக்ஸி ஓட்டியவள்.
"மூன்றாம் அடுக்கில் பால இணைப்பு இரண்டு தரம் இடிக்கும்,
நாலாவதில் மூன்று தரம்.
இதற்கு எதற்கு ஒரு தகடு?"
வாக்கிடாக்கியில் கேட்கிறாள்.
உன் முதுகெலும்பை
ஊர் வண்டிக்கெல்லாம் மாட்ட முடியாதே என்கிறேன்.
சிரிக்கவில்லை. கொட்டாவி விட்டாள்.

மூன்று பத்துக்குத் திரையில் இரண்டு புள்ளிகள்.

ஒன்று சாலையில்.
இன்னொன்று எதிர்க் கட்டடத்துக்குள்,
ஏழாம் மாடி உயரத்தில்,
மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்.
ரயிலே கட்டடத்துக்குள் புகுந்து வெளியேறும் ஊர் இது,
அரை நொடி நானும் நம்பிவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது: முகப்பெல்லாம் கண்ணாடி.
அலை அதில் பட்டுத் தெறிக்க,
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வேன்
பிறந்து ஓடுகிறது.

"இரண்டு பேர் தெரிகிறீர்கள்" என்றேன்.
"எது டீசல் குடிக்கிறதோ அது நான்."

தகட்டுக்கு ஒரு தாளம் கொடுத்தேன்,
சதுரங்கள் மாறி மாறித் திரும்பும்படி.
சாலைப் புள்ளி அந்தத் தாளத்தில் துடித்தது.
மற்றது துடிக்கவில்லை,
யாருடைய அலமாரியையோ
யாருடைய தொட்டிலையோ ஊடுருவி
ஒரு போர்வையும் கலையாமல் வழுக்கிப் போனது.
இனி நீக்கிவிடலாம். ஒரே ஒரு பொத்தான்.

"எந்த வீட்டுக்குள் போகிறேன்?"

நிமிர்ந்து பார்த்தேன்.
ஏழாம் மாடியில் ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு.
யாரோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்,
வெள்ளைச் சட்டை, கையை மடித்து, மறுபடி விரித்து.
அதைச் சொன்னேன்.

வாக்கிடாக்கி சற்று நேரம் இரைந்தது.
அடுத்த சுற்றில்
வளைவுக்கு முன்பே வேகம் நாற்பதிலிருந்து பதினெட்டானது.
சோதனைத் திட்டத்தில் அது இல்லை.
கட்டடத்துக்குள் இருந்தவளும் மெதுவானாள்,
இஸ்திரி மேசையை
இடிக்காமல் கடப்பவள் போல.

அதன் பிறகுதான் நீக்கினேன்.
பதிவேட்டில் பிழை: முப்பத்தொரு சென்டிமீட்டர்.
குறிப்பு என்ற கட்டம் காலி.

ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
ஐந்து அடுக்கையும் ஒரே வெள்ளையாக்கியிருந்தது.
தகடும் தெரியவில்லை, தூணும் தெரியவில்லை.
திரையில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஓர் எண்.
"நாலு" என்றேன்.
"ஆமாம்," என்றாள், "இப்போதுதான்
மூன்று தரம் இடித்தது."